யார் திருத்துவது? மருத்துவக் குறிப்பில் பேச்சுணர் மென்பொருளும் மேட்டூர்ச் சூழலும்

சேலம் மாவட்டத்தின் அரசு தலைமை மருத்துவமனை மேட்டூரில் இருக்கிறது. கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளி பக்கத்து உழவர், தறிக்காரர், அணையில் வலை வீசும் மீனவர், அனல்மின் நிலையத் தொழிலாளர் என்று பலரும் நாடி வரும் இடம் அது. கர்நாடக எல்லை அருகில் இருப்பதால், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு மருத்துவரிடம் தமிழில் நோயைச் சொல்பவர்களும் உண்டு. மருத்துவர் காதில் விழுவது சேலத்துப் பேச்சுத் தமிழ்; அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆங்கிலம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இத்தகைய மருத்துவமனைக்கு எந்த நிபந்தனையில் வரலாம் என்பதே என் கேள்வி.

என் வாதம் இது: இம்மென்பொருள் எழுதும் வேலையைக் குறைக்கிறது, படித்துத் திருத்தும் வேலையைக் கூட்டுகிறது. திருத்துவதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல் அதைப் புகுத்துவது நோயாளிக்கு ஆபத்து.

இத்தொழில்நுட்பம் புதிதன்று. கதிரியக்கத் துறைக்கென ஐ.பி.எம். நிறுவனம் 1996இல் மெட்ஸ்பீக் மென்பொருளை வெளியிட்டது. 1997இல் டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் வந்தது. அமெரிக்காவின் இரண்டு மருத்துவ அமைப்புகளிலிருந்து 217 குறிப்புகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வெளியானது. மென்பொருள் தந்த திருத்தப்படாத வடிவில் நூறு சொல்லுக்கு 7.4 பிழைகள். பயிற்சி பெற்ற படியெடுப்பாளர் திருத்தியபின் 0.4. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்டபின் 0.3. பிழை பெருமளவு நீங்கியது நடுவில் இருந்த படியெடுப்பாளர் கையால் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. மென்பொருளை விற்பவர்கள் செலவுக் கணக்கில் முதலில் அடிப்பதோ அந்த ஆளைத்தான்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவர் கையெழுத்து புரியவில்லை என்பது நாடறிந்த குறை. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமையில் அடங்கும் என்று பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. அப்படியானால் அச்சு எழுத்து நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் கிறுக்கலான கையெழுத்து, தான் புரியவில்லை என்பதைத் தானே காட்டிவிடும். மருந்தாளுநர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் கேட்பார். மென்பொருளின் பிழை சுத்தமான எழுத்தில், சரியான எழுத்துக்கூட்டலோடு வருகிறது. மெட்பார்மின் என்று சொன்னது மெட்ரோனிடசோல் என்று விழுந்தால், சர்க்கரை மருந்து இருக்க வேண்டிய இடத்தில் கிருமிக்கான மருந்து நிற்கும். சீட்டை வாங்குபவர் கேள்வி கேட்கக் காரணம் எதுவும் கண்ணில் படாது.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழம். "காச்சல் வருதுங்க", "காச்சல் வரலைங்க" என்ற இரண்டுக்கும் இடையே இருப்பது ஓரிரு ஒலிதான். வார்டு இரைச்சலில் முதலில் கரைவதும் அதுதான். இருபது, அறுபது, எழுபது எல்லாம் ஒரே முடிவுள்ளவை. வேகமாகச் சொன்னால் முதல் எழுத்தே ஆதாரம். "நெஞ்சு கரிக்குது" என்பவருக்குப் பெரும்பாலும் வயிற்று அமிலம். "நெஞ்ச அடைக்குது" என்பவருக்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். மென்பொருளை மதிப்பிடும் வழக்கமான சொற்பிழை விகிதம் இவற்றையும் "அப்புறம்" என்ற சொல்லையும் ஒரே எடையில் எண்ணுகிறது. மருத்துவத்தில் அந்த அளவுகோல் செல்லாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழுக்கான கருவிகள் வளர்ந்து வருவது உண்மை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு வானொலிச் செய்திகளிலிருந்து சுருதிலிபி என்னும் தொகுப்பை உருவாக்கியது. 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலி அதில் உண்டு. இயல்பான பேச்சையும் அக்குழு பின்னர் சேகரித்துவருகிறது. நடுவண் அரசின் பாஷிணி திட்டம் 2022இல் தொடங்கியது. இம்முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆயினும் செய்தி வாசிப்பவரின் தமிழ், மூச்சு வாங்கியபடி பேசும் முதியவரின் தமிழ் அன்று. ஓப்பன் ஏ.ஐ.யின் விஸ்பர் மென்பொருளைச் சோதித்த 2024 ஆய்வு ஒன்று, ஏறத்தாழ நூற்றில் ஒரு ஒலித்துண்டில் யாரும் பேசாத வாக்கியங்களை அது தானே சேர்த்திருந்ததைக் கண்டது. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைபட்டவர்களின் பதிவுகளில், பேச்சினிடையே நீண்ட மௌனம் இருந்தபோது, இது கூடுதலாக நேர்ந்தது. நோயாளி தயங்கும் இடத்தை இயந்திரம் நிரப்பிவிடுகிறது. மருத்துவருக்கோ அந்தத் தயக்கமே ஓர் அறிகுறி.

ஆகவே தொடங்கும் இடம் முக்கியம். ஓ.பி.யில் வரிசை நீளம், நேரம் குறைவு. மென்பொருளுக்கான ஆசை மிகுவதும் திருத்த வாய்ப்பு மிகக் குறைவதும் அங்கேதான். ஸ்கேன் அறிக்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேறு வகை. சொல்பவர் ஒருவர், அறை அமைதி, சொற்கள் ஓரளவு வரையறுக்கப்பட்டவை, கையெழுத்துக்கு முன் மறுபடி படிக்கச் சற்று அவகாசமும் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம். விபத்துப் பதிவேடு நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணம். யார் தாக்கியது, எதனால், எப்போது என்று நோயாளி சொன்னதை மருத்துவர் தம் கையாலேயே எழுதட்டும்.

திருத்துவோர் பணியிடமும் உருவாக்கப்பட வேண்டும். அமெரிக்க மருத்துவர்களின் ஒலிப்பதிவுகளைப் படியெடுக்கும் தொழிலைச் சென்னையும் பெங்களூரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறிந்தவை. அந்தத் திறன் நமக்குப் புதிதன்று. அதை நம் அரசு மருத்துவமனைகளின் ஆவணப் பிரிவுக்குக் கொண்டுவருவதே மீதி. குரலும் தனிநபர் தரவு என்பதால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, ஒலிப்பதிவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மென்பொருளுக்கு டெண்டர் கோரும்போது மூன்று எண்களைத் தனித்தனியே கேட்க வேண்டும்: எத்தனை "இல்லை" விடுபட்டது, எத்தனை எண் மாறியது, எத்தனை மருந்துப் பெயர் திரிந்தது. சோதனைக்கான ஒலியும், நோயாளிகளின் ஒப்புதலோடு, மேட்டூர் வார்டிலேயே பதிவாக வேண்டும்.