கழுத்துப் பிடிப்பும் செப்டிக் ஊசியும்: கரிசல் காட்டின் ஒரு பழைய கதை

1/ காலையில எந்திரிச்சா கழுத்து ஒரு பக்கமா பிடிச்சிருக்கும். தலகாணி மேல பழியப் போட்டுட்டு தைலம் தேய்ச்சா ரெண்டு, மூணு நாள்ல சரியாயிடும். பெரும்பாலும் கதை இவ்வளவுதான். ஆனா சில நேரம் உயிரை எடுக்கிற நோயும் கழுத்து விறைப்பாத்தான் தலைகாட்டும். அதுல ஒண்ணோட வரலாறு இந்த த்ரெட்.

2/ கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுத்து வட்டாரம் மானாவாரிக் கரிசல். பருத்தியும் கம்பும் சோளமும் விளைஞ்ச மண். ஆட்டுக்கிடை போட்டு, மாட்டு எரு அடிச்சு, வெறுங்காலோட உழைச்ச சனம். ஓடைக்கரை எல்லாம் கருவேல முள். இந்த மண்ணுக்கு ஏத்த பயிரை ஆராய 1901-லயே கோவில்பட்டியில வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துடுச்சு.

3/ அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் ஐரோப்பாவுல மண்ணை வேறொரு காரணத்துக்காக ஆராய்ஞ்சாங்க. 1884-ல ஜெர்மனியில ஆர்தர் நிக்கோலாயர், தோட்டத்து மண்ணை எலி மாதிரி சின்ன விலங்குகளோட தோலுக்கு அடியில வச்சுப் பார்த்தார். அதுங்க விறைச்சுச் செத்துப்போச்சு. 1889-ல ஜப்பானைச் சேர்ந்த கிடாசாட்டோ, பெர்லின்ல அந்தக் கிருமியைத் தனியாப் பிரிச்சு வளர்த்தார்.

4/ அதுதான் டெட்டனஸ். நம்ம ஊர்ல ரண ஜன்னி, வாய்ப்பூட்டு, தனுர்வாதம்னு சொல்வாங்க. தனுசுன்னா வில். முதல்ல தாடை இறுகும், வாய் திறக்காது. அடுத்து கழுத்து விறைக்கும். அப்புறம் முதுகு வில்லா வளையும். சின்னச் சத்தம் கேட்டாலும் இசிவு வரும். நோயாளிக்கு நினைவு மட்டும் தப்பாது. அதான் இதுல பெரிய கொடுமை.

5/ இந்தக் கிருமியோட வித்து மண்ணுலயும் எருவுலயும் பல வருஷம் தூங்கும். காத்து புகாத ஆழமான காயம் கிடைச்சா முளைச்சு விஷம் கக்கும். முள் குத்தின துளை மேல மூடிக்கும், உள்ள வேலை நடக்கும். அறிகுறி வர 3 நாளும் ஆகலாம், 21 நாளும் ஆகலாம். அதுக்குள்ள முள் குத்தினதே மறந்துபோகும். அதனாலதான் கழுத்து விறைச்சதும் சுளுக்குன்னு நினைச்சு நீவிவிட ஆள் தேடுறாங்க.

6/ பச்சைக் குழந்தைக்கு காயம் எது? தொப்புள்கொடி. சுத்தமில்லாத அரிவாள்ல அறுக்குறது, அது மேல சாம்பலோ சாணமோ வைக்குறது. நல்லாப் பால் குடிச்ச குழந்தை ஒரு வாரத்துல வாயே திறக்காது, உடம்பு கட்டையா விறைச்சுடும். பேய் பிடிச்சதாவும் தோஷம்னும் எத்தனையோ தாய்கள் மேல பழி விழுந்திருக்கு.

7/ இது நம்ம மண்ணோட குத்தம் மட்டும் இல்ல. ஸ்காட்லாந்து பக்கம் செயின்ட் கில்டா தீவுலயும் 19-ஆம் நூற்றாண்டுல பிறந்த குழந்தைகள்ல பெரும்பகுதியை இதே நோய் கொண்டுபோச்சு. தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடியே, சுத்தமான பிரசவ முறையால அங்க அது அடங்குச்சு.

8/ 1890-ல பேரிங்கும் கிடாசாட்டோவும் விஷமுறிவு மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. 1920-கள்ல தடுப்பூசி வந்துச்சு. ஆனா கிராமத்துக்கு வந்து சேர ரொம்ப வருஷமாச்சு. 1988-லகூட உலகத்துல 7,87,000 பச்சைக் குழந்தைகள் இதால இறந்ததா உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு.

9/ இந்தியாவுல 1978-ல விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்குச்சு. கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், ஊர் ஊரா நடந்த நர்ஸம்மாக்கள். பலன், 2015-ல தாய்-சேய் டெட்டனஸை ஒழிச்ச நாடா இந்தியா அறிவிக்கப்பட்டுச்சு. அதாவது எந்த மாவட்டத்துலயும் 1,000 பிறப்புக்கு ஒண்ணுகூட இல்லாத நிலை. மண்ணுல கிருமி அப்படியேதான் இருக்கு.

10/ இதுல விட்டுப்போனது யாரு? 1978-க்கு முன்னாடி பிறந்த ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்காவது கர்ப்பத்துல ஊசி கிடைச்சுது. இவங்கள்ல பலர் முழுசா ஊசி போட்டதே இல்ல. இன்னைக்கும் காட்டுல முள்ளு வெட்டுறவங்க இவங்கதான். அடிபட்டதும் போடுற அந்த ஒத்தை 'செப்டிக் ஊசி' இவங்களுக்குப் போதாது. மூணு தவணை வேணும். அழுக்கான காயம்னா இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடணும். மத்தவங்களும் 10 வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கோங்க.

11/ கழுத்து விறைப்புக்கு வேற ஆபத்தான காரணங்களும் உண்டு. காய்ச்சல், தலைவலி, வாந்தி இருந்து, தாடையை நெஞ்சுல தொட முடியலையா? மூளைக்காய்ச்சலா இருக்கலாம். திடீர்னு இடி விழுந்த மாதிரி தலைவலியோட கழுத்து விறைச்சா, மூளையில ரத்தக்கசிவா இருக்கலாம். கீழ விழுந்து அடிபட்ட பிறகு கழுத்து வலிச்சா ஆட்டவோ நீவவோ கூடாது.

12/ வாய் திறக்கச் சிரமம், விழுங்க முடியல, காய்ச்சல், மயக்கம், கை கால் மரத்துப்போறது. கழுத்து விறைப்போட இதுல ஒண்ணு சேர்ந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. சமீபத்துல முள்ளோ ஆணியோ குத்தியிருந்தா டாக்டர் கேட்கும் முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. இன்னைக்கே உங்க அப்பா, தாத்தாகிட்ட ஒண்ணு கேளுங்க: "கடைசியா டி.டி. ஊசி எப்பப் போட்டீங்க?"