உச்சி வானச் செய்மதியும் வன்னியின் அன்ரெனாவும்

புவியோடு ஒத்துச் சுற்றும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பிற்காலத்தில் அவர் இலங்கையையே வாழிடமாக்கிக்கொண்டார். அவர் சொன்ன சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. கிளிநொச்சியோ வடக்கு அகலாங்கு 9.4 பாகையில். ஆகவே கிழக்கு நெட்டாங்கு 83 பாகையில் நிற்கும் செய்மதி நமக்கு அடிவானிலிருந்து 78 பாகை உயரத்தில், உச்சிக்குக் கிட்டத் தெரியும். இலண்டனில் எந்தப் புவிநிலைச் செய்மதியும் 31 பாகைக்கு மேல் ஏறாது.

இது வரமா? வாகனக் கூரையில் கிண்ண அன்ரெனாவை வைப்பவருக்கு இல்லை. உச்சியருகே நோக்கும் கிண்ணத்துக்கு, வண்டி சற்றுச் சரிந்தாலே திசைக்கோணம் வெகுவாக மாறிவிடும். உட்கிராமத்துக் கிரவல் வீதியில் அதன் மோட்டாருக்கு ஓய்வே கிடையாது.

தட்டையான அவத்தை அணி அன்ரெனாவுக்குத்தான் இந்த வானம் வாய்ப்பானது. அதில் அசையும் பாகம் இல்லை. 14 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் 2.1 சென்ரிமீற்றர், சின்னஞ்சிறு உலோகத் தகடுகளை அதில் பாதி இடைவெளியில் அடுக்கி, ஒவ்வொன்றின் அவத்தையையும் மாற்றினால் கற்றை தானே திரும்பும். கூரையில் படுத்திருக்கும் அணிக்கு நயம், அதாவது கற்றையின் வலு, மிகுவது உச்சியை நோக்கியே. அதிலிருந்து 60 பாகை சரிந்தால் நயத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். நமக்கு இழப்பு இரண்டு வீதமளவே. ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைச் செய்மதிகளில் கணக்கு வேறு. 53 பாகைச் சாய்வில் சுற்றுபவை 53 பாகை அகலாங்குகளை ஒட்டியே நெருங்கும். நமக்கு மேலே ஐதாகும். கற்றையைச் சரித்துத் தேடத்தான் வேண்டும்.

அடுத்தது மாரி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. செய்மதித் தொடர்பு அதிகம் தேவைப்படுவது அத்தகைய நாளில். ஆனால் இரண்டு சென்ரிமீற்றர் அலையைக் கனமழை விழுங்கும். செய்மதித் தொலைபேசியின் 19 சென்ரிமீற்றர் அலை மழையைப் பொருட்படுத்தாது. என் தீர்ப்பில், மீட்பு வாகனமொன்றுக்கு இரண்டும் வேண்டும்: தரவுக்குத் தட்டை அணி, குரலுக்குச் சிறிய தாழ்மீடிறன் அன்ரெனா.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்குள்ள மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, ஐப்பசி முதல் மார்கழி வரை பீடத்துக் கூரையில் ஒரு வாங்கியையும் மழைமானியையும் வைத்து, மழை பெய்யும் வேகத்தையும் சமிக்ஞை இழப்பையும் நிமிடந்தோறும் பதியுங்கள். வன்னிக்கான அன்ரெனாவை அந்த அட்டவணையிலிருந்து தொடங்கலாம்.