போடிச் சந்தையும் மூச்சுப் பரீட்சையும்

மலைமேல் விளையும் ஏலக்காய்க்கு விலை நிர்ணயமாகும் ஊராகப் போடிநாயக்கனூர் பல தலைமுறைகளாக விளங்கி வந்திருக்கிறது. 1928-ல் மதுரையிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது அந்த வர்த்தகத்துக்குப் பெருந்துணையாயிற்று. ஏலம் எடுக்க வரும் வியாபாரி மாதிரித் தட்டிலிருந்து நாலு காயைக் கையிலெடுத்து, பசுமையையும் பருமனையும் நோக்கி, ஒன்றை நகத்தால் கீறி, உள்ளிருக்கும் ஏலரிசியை நசுக்கி மூக்கருகே கொண்டுபோய், அந்த ஒரு க்ஷணத்து வாசனையை நம்பியே விலை சொல்கிறார்.

நாசியின் சாட்சியத்தை வைத்தியமும் வெகுகாலமாக ஏற்று வந்திருக்கிறது. மூச்சில் எழும் அழுகிய பழவாசனையைக் கொண்டு நீரிழிவின் அபாய நிலையை வைத்தியர்கள் அறிந்தார்கள். 1971-ல் ரசாயன விஞ்ஞானி லைனஸ் பாலிங், குளிரூட்டிய குழாயில் ஸ்வாசத்தை உறையச் செய்து, அதில் ஏறத்தாழ 250 பொருள்கள் ஆவியாகக் கலந்திருப்பதைக் காட்டினார். 1985-ல் நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சு அவ்விதமே பகுத்து ஆராயப்பட்டது. 1989-ல் இங்கிலாந்தில், ஒரு பெண்மணியின் காலிலிருந்த மச்சத்தை அவருடைய நாய் ஓயாமல் முகர்ந்து வந்ததும், பிறகு அது தோற்புற்று எனத் தெரிந்ததும் வைத்தியப் பத்திரிகையில் பிரசுரமாயின.

ஆயினும் மூச்சில் வியாதியின் சுவட்டோடு, தின்றது, புகைத்தது, வேலை செய்யும் இடத்துக் காற்று யாவும் கலந்தே வருகின்றன. புதினா எண்ணெய்க் குளிகையை விழுங்கச் செய்து, அதன் வாசனைப் பொருள்கள் மூச்சிலிருந்து தேய்ந்து மறையும் கதியை அளந்து ஆராய்ச்சியாளர் மூச்சைப் பகுக்கும் தம் கருவிகளை ஒப்பிடுகிறார்கள். அப்பொருள்களில் ஒன்றான சினியோல் ஏலக்காய் மணத்துக்கும் ஒரு முக்கிய ஹேது. ஆகவே போடியில் பகலெல்லாம் காய் பொறுக்கும் பெண்ணின் மூச்சையும், கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவரின் மூச்சையும், அன்னிய தேசத்து ஆய்வுகூடத்தில் வகுத்த அளவுகோலால் அப்படியே அளந்துவிட முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜனங்களின் நடுவிலேயே ஒரு பரீட்சையை நிரூபித்துக் காட்டிய முன்மாதிரி, போடி அடங்கிய தேனியைப் போலவே பழைய மதுரை ஜில்லாவிலிருந்து பிரிந்த திண்டுக்கல்லில் உண்டு. 2000-ம் ஆண்டு முதல், அம்பிளிக்கை மருத்துவ நிலையமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் பிறரும் கூடி, கிராமந்தோறும் பயிற்சி பெற்ற நர்சுகளை அனுப்பினார்கள். காடியின் சாரமான அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெண்மை படர்கிறதா என்று பார்ப்பதே பரீட்சை; விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. 31,343 பெண்கள் அதற்கு உட்பட்டார்கள். பரீட்சை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணம், நடவாத கிராமங்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்ததை 2007-ல் உலகம் அறிந்தது.

புற்றுநோயைக் காட்டும் மூச்சுப் பரீட்சைக்கு அத்தகைய நிரூபணம் இன்னும் வாய்க்கவில்லை. நாளை அதற்குரிய கருவி கம்பம் பள்ளத்தாக்குக்கு வருமானால், வாரக்கணக்காக இருமிக்கொண்டிருப்பவருக்கு அதன் முடிவைச் சொல்லுமுன், ஏலக்காய்க் கிடங்குகளில் ஆரோக்கியமாக உள்ளவர்களின் மூச்சை அது அளந்து பழகியிருக்க வேண்டும்.