காலியிடம் யாருக்கு? தமிழ்நாடும் அமீரகமும்

அரசு அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். தமிழ்நாட்டில் அவர் விட்டுப்போன இடம் எப்படி நிரப்பப்படும் என்பதைப் பணி விதிகள் முன்பே சொல்லிவிடுகின்றன: நேரடி நியமனமா, பதவி உயர்வா, பணிமாறுதல் மூலம் நியமனமா என்று. நேரடி நியமனம் என்றால் இனச்சுழற்சிப்படி அது எந்தப் பிரிவினருக்கு உரியது என்பதும் கணக்கில் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி அமைச்சகம் ஒன்றில் அதே இடம் காலியானால் முதலில் எழும் கேள்வி வேறு. இந்த வேலைக்குத் தகுதியுள்ள குடிமகன் கிடைப்பாரா?

மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவே குடிமக்கள் உள்ள நாட்டில் இந்த முன்னுரிமை நியாயமானதுதான். அங்கே நமது டி.என்.பி.எஸ்.சி. போல எல்லாருக்கும் ஒரே தேர்வு நடத்தும் ஆணையம் கிடையாது. கூட்டாட்சி அரசு மனிதவள ஆணையம் நெறிமுறைகளை வகுக்கிறது. ஆள் எடுப்பது அந்தந்த அமைச்சகம். துபாய் போன்ற அமீரகங்களின் அரசு ஊழியர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச்சட்டப்படி கூட்டாட்சி ஊழியரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டு வரை, பிறகு புதுப்பிக்கலாம். தகுதிகாண் பருவம் ஆறு மாதம். மேலும் மூன்று மாதம் நீட்டலாம்.

நம் பக்கம் கதை நீளமானது. 1929-இல் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷனாகத் தொடங்கியது டி.என்.பி.எஸ்.சி.யின் மரபு. 2022 ஜூலை 24-இல் நடந்த குரூப் 4 தேர்வையே பாருங்கள். 7,301 இடங்களுக்கு அறிவிப்பு. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். முடிவு வந்தது 2023 மார்ச்சில். இடங்களின் எண்ணிக்கையும் பத்தாயிரத்தைத் தாண்டியது. அந்த எட்டு மாதமும் கிராம நிர்வாக அலுவலர் இல்லாத ஊர்களில் பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. கூடுதல் பொறுப்பு பார்த்தார். பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் அவரைத் தேடி அலைந்தார்கள்.

பதவி உயர்வில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. குரூப் 4-இல் தேறி வருவாய்த் துறையில் சேரும் இளநிலை உதவியாளர் பவானிசாகர் பயிற்சியை முடிக்க வேண்டும், துறைத் தேர்வுகளில் தேற வேண்டும், பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். சீனியாரிட்டி மெதுவாக நகரும். ஆனாலும் அந்த வரிசையில் துணை வட்டாட்சியரும் வட்டாட்சியரும் இருக்கிறார்கள். எந்தச் சிபாரிசும் இல்லாத வீட்டுப் பெண்கள் அங்கே போய்ச் சேர முடியும், சேர்ந்தும் இருக்கிறார்கள். தன்னைத் தாண்டி இன்னொருவருக்கு இடம் போனால் நீதிமன்றம் போகலாம்.

அமீரகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் செயல்திறன் மதிப்பீடுதான் பதவி உயர்வுக்கு அடிப்படை. உழைப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் நம் ஊர்க் கணக்காளரோ செவிலியரோ பதவி உயர்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 'ரினியூவல் வருமா?' என்பதுதான் பேச்சு. அவர் இடத்தில் குடிமகனை அமர்த்துவதும் பணி முடிவுக்கு உரிய காரணமே. குவைத் 2017-இல் இன்னும் வெளிப்படையாகவே செய்தது: அரசு வேலைகளைக் குவைத்தியருக்கு மாற்ற ஐந்தாண்டுத் திட்டம் போட்டது. அங்கே குடிமக்களின் பெயரைப் பதிந்து அமைச்சகங்களுக்கு அனுப்புவது குடிமைப் பணி ஆணையமே. மையப்படுத்திச் செய்வதில் அது நமக்குச் சற்று நெருக்கம்.

இடமாறுதலில் அமீரகம் நமக்குக் கற்றுத்தர ஒன்று உண்டு. ஒரு கூட்டாட்சி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஊழியர் தன் படிநிலையை இழப்பதில்லை. இங்கே சொந்த விருப்பத்தில் வேறு மாவட்டத்துக்குப் போனால் பல பணிகளில் சீனியாரிட்டி அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. நோயாளித் தாயைப் பார்க்க ஊர்ப்பக்கம் வர விரும்பும் ஊழியர் பத்தாண்டு உழைப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இது கொடுமை. 

நுழைவாயிலில் நம் முறையே மேலானது. விடைக்குறிப்பையும் மதிப்பெண்ணையும் வெளியிடும் பொதுத்தேர்வை வேகத்துக்காக விற்றுவிடக் கூடாது. உள்ளே வந்த பிறகு இடமாறுதலில் அமீரகம் முந்துகிறது. தமிழ்நாடு அரசு விருப்ப மாறுதலில் சீனியாரிட்டியைப் பறிக்கும் விதியைத் திருத்த வேண்டும். தேர்வாணையம் எந்தத் தேர்வின் முடிவையும் ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.