கடும் டெங்குவும் மரபணுவும்: கியூபாவின் அனுபவம்

டெங்கு, ஏடிஸ் வகைக் கொசுக்களால் பரவும் வைரஸ் காய்ச்சல் ஆகும். இவ்வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. தொற்றுக்கு உள்ளாவோரில் பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. சிலருக்குக் காய்ச்சல் வந்து சில நாட்களில் தணிந்துவிடும். மிகச் சிலருக்கு மட்டும் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேர்கிறது. ஒரே வைரஸ் ஆளுக்கு ஆள் வேறுபட்ட விளைவைத் தருவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடியதில் கியூபா நாட்டிற்குத் தனியிடம் உண்டு.

முதல் விளக்கம்

1960களில் பாங்காக்கில் ஆய்வு செய்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட், கடும் டெங்கு பெரும்பாலும் இரண்டாம் முறை தொற்று ஏற்பட்டவர்களிடம் காணப்படுவதைக் கவனித்தார். முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள், வேறு வகை டெங்கு வைரஸை அழிக்காமல், அது உயிரணுக்களுக்குள் நுழைய உதவிவிடுகின்றன என்பது அவர் வளர்த்தெடுத்த விளக்கம். ஆயினும் இரண்டாம் முறை தொற்று பெற்ற அனைவருக்கும் நோய் கடுமையாவதில்லை.

1981 கொள்ளைநோய்

கியூபாவில் 1977இல் முதலாம் வகை டெங்கு பரவியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1981இல், இரண்டாம் வகை பரவியது. அவ்வாண்டில் 3,44,203 பேர் நோயுற்றதாகப் பதிவாகியது. அவர்களில் 10,312 பேருக்கு நோய் கடுமையானது. 158 பேர் இறந்தனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள்.

அவானாவிலுள்ள பெட்ரோ கோரி வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தின் அறிவியலாளர்கள் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆஸ்துமா, நீரிழிவு, அரிவாளணுச் சோகை ஆகியன உள்ளவர்களுக்கு இடர் மிகுதி எனத் தெரிந்தது. மேலும், கறுப்பினத்தவரைவிட வெள்ளை இனத்தவரிடம் கடும் நோய் அதிகமாகக் காணப்பட்டது. தொற்றோ இரு பிரிவினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. எனவே வேறுபாடு கொசுக்கடியில் இல்லை, உடலின் எதிர்வினையில் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 1997இல் சாண்டியாகோ தே கியூபா நகரில் இரண்டாம் வகை மீண்டும் பரவியபோதும் இதே வேறுபாடு தென்பட்டது. அம்முறை கடும் நோய்க்கு உள்ளானவர்கள் பெரியவர்களே. 1977க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு முதலாம் வகைத் தொற்று ஏற்பட வாய்ப்பு அரிதாக இருந்ததே இதற்குக் காரணம்.

மரபணுக்களைத் தேடி

2011இல் வியட்நாம் குழந்தைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதற்கட்டத்தில் கடும் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2,008 பேரின் மரபணுத் தொகுதி, 2,018 பேருடையதுடன் ஒப்பிடப்பட்டது. எம்.ஐ.சி.பி., பி.எல்.சி.ஈ.1 என்னும் இரு மரபணுக்களின் மாறுபாடுகள் கடும் நோயுடன் தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டது. முதலாவது, வைரஸ் புகுந்த உயிரணுவை அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் புரதத்தை உருவாக்குவது.

2017இல் கியூபா மக்களிடம் செய்யப்பட்ட ஆய்வு பழைய ஐயத்திற்குத் திரும்பியது. அங்கு பல தலைமுறைகளாக ஐரோப்பிய, ஆப்பிரிக்க வழிமரபுகள் கலந்துள்ளன. ஆகவே தோலின் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியிலும் ஆப்பிரிக்க மூதாதையர் வழி வந்த பகுதிகள் எவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். கொழுப்பு வளர்சிதை மாற்றத்துடன் தொடர்புடைய ஓ.எஸ்.பி.பி.எல்.10, ஆர்.எக்ஸ்.ஆர்.ஏ. ஆகிய மரபணுக்கள் பாதுகாப்புடன் தொடர்பு கொண்டிருந்தன. ஆய்வகத்தில் ஓ.எஸ்.பி.பி.எல்.10 மரபணுவின் செயற்பாட்டைக் குறைத்தபோது வைரஸின் பெருக்கமும் குறைந்தது.

பொருளும் வரம்பும்

இம்மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் இடரைச் சிறிதளவே கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஒருவரின் இனத்தையோ மரபணுவையோ பார்த்து அவருக்கு நோய் கடுமையாகாது என்று முடிவு செய்ய இயலாது. அவ்வாறு எண்ணிச் சிகிச்சையில் தாமதிப்பது உயிரிழப்புக்கு வழிவகுக்கும். காய்ச்சல் தணியும் வேளையில் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவை தோன்றினால், யாராயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்வாய்வுகளின் உண்மையான பயன், வைரஸ் உடலில் பெருகும் வழிகளைக் காட்டி, புதிய மருந்துகளுக்கான தேடலுக்குத் திசை தருவதே ஆகும்.