வாயைக் கட்டினால் போதுமா? (பசியின் 100 ஆண்டு வரலாறு)

எண் சாண் உடம்பில் வயிறு ஒரு சாண்தான். மனுஷன் ஓடுவதெல்லாம் அந்த ஒரு சாணுக்காகத்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் அது உண்மைதான் என்று தோன்றும். கையில் டிபன் பாக்ஸோடு பீச் ட்ரெயினைப் பிடிக்க ஓடும் கூட்டம்! அதே நேரத்தில், வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் சொந்தபந்தத்தில் ஒருவருக்காவது "சுகர்" இருக்கும். அவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "வாயைக் கட்டு!"

வாயைக் கட்டுவது அவ்வளவு சுலபமா? முதலில், பசிக்கு உத்தரவு போடுவது யார்? வயிறா, மூளையா, மனசா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி விஞ்ஞானிகள் 100 ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டிருக்கிறார்கள். அந்தக் கதையில் இரண்டு இந்தியர்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியாது.

லண்டனில் ஒரு நாள்

1902, ஜனவரி 16. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இருவரும் மைத்துனர்கள். செரிமானத்தை நடத்துவது முழுக்க முழுக்க நரம்புகளே என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ரஷ்யாவின் பாவ்லோவ் சொன்னதும் அதுதான். வயிற்றிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. இந்தச் செய்தியைக் கணையத்துக்குக் கொண்டுபோவது நரம்புதானே?

மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் இருவரும் வெட்டிவிட்டார்கள். பிறகு அங்கே அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது! அப்படியானால் செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். உடனே குடலின் உள்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. அந்தப் பொருளுக்கு "செக்ரெட்டின்" என்று பெயர் வைத்தார்கள்.

1905-ல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட ரசாயனத் தூதர்களுக்கு ஒரு பொதுப் பெயர் கொடுத்தார். கிரேக்கத்தில் "தூண்டுகிறேன்" என்று பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த அந்தப் பெயர்தான் "ஹார்மோன்". இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். அதாவது ஹார்மோன் என்ற சொல் பிறந்ததே குடலை வைத்துத்தான்!

நரம்பு வழியாகப் போகும் செய்தி டெலிபோன் மாதிரி. ஹார்மோன் எலக்ட்ரிக் ட்ரெயின் பயணி மாதிரி. தாம்பரத்தில் ஏறியவர் எல்லா ஸ்டேஷன் வழியாகவும் போவார், ஆனால் தன் ஸ்டேஷனில் மட்டுமே இறங்குவார். அப்படித்தான் செக்ரெட்டினும். ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றினாலும், அதை அடையாளம் கண்டுகொள்ளும் செல்கள் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும்.

இரண்டு இந்தியர்கள்

செரிமானம் சரி, பசி? 1912-ல் அமெரிக்காவில் வால்டர் கேனன், தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு பலூனை விழுங்க வைத்துச் சோதித்தார். வயிறு சுருங்கும் நேரமும் பசி கிள்ளும் நேரமும் ஒத்துப்போயின. வயிற்றுச் சுருக்கமே பசி என்று முடிவு கட்டினார்கள். ஆனால் நோயின் காரணமாக இரைப்பையையே எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறதே! அப்படியானால் கதை வயிற்றோடு முடியவில்லை.

இங்கேதான் பால் கிருஷ்ண ஆனந்த் வருகிறார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ப்ரோபெக்கோடு சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அதன் இரு பக்க ஓரங்களிலும் ஒரு புள்ளியைச் சேதப்படுத்தினால் எலி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. சாப்பாடு முன்னால் இருந்தாலும் தொடவில்லை. 1951-ல் வெளியான இந்த ஆய்வு, பசிக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று காட்டியது. ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தெடுத்தார். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போதும் குறையும்போதும் அந்த மூளைச் செல்கள் எப்படி மாறுகின்றன என்று 1964-ல் அவருடைய குழு பதிவு செய்தது.

இன்னொருவர் ஆத்தார் சிங் பெயிண்டல். பர்மாவில் பிறந்தவர். இரைப்பை விரியும்போது அதை உணர்ந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லும் உணர்விகளைப் பூனைகளிடம் ஆராய்ந்து 1954-ல் கட்டுரை வெளியிட்டார். "வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்லும் டெலிபோன் லைன் இதுதான். பெயிண்டல் பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் இருந்தார்.

ஆக, ஒரு முனையில் வயிறு, மறுமுனையில் மூளை. நடுவில் டெலிபோனும் உண்டு, ட்ரெயினும் உண்டு. ட்ரெயினில் வரும் பயணிகள் யார் யார் என்பதுதான் பாக்கி.

பயணிகள் பட்டியல்

1928-ல் ஐவி, ஓல்ட்பெர்க் இருவரும் பித்தப்பையைச் சுருங்க வைக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனைக் கண்டார்கள். அதே ஹார்மோன் சாப்பாட்டையும் குறைக்கிறது என்று 1973-ல் எலிகளில் தெரிந்தது. அதாவது, "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்.

"கொண்டா" என்று சொல்லும் ஹார்மோன் 1999-ல் கிடைத்தது. ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழு இரைப்பையிலிருந்து "க்ரெலின்" என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் இது ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். க்ரெலின் 28 சதவீதம் கூடியது, பசியும் கூடியது. ஓ.எம்.ஆர். பக்கம் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும், பரீட்சைக்கு முன்தினம் மட்டும் படிக்கும் மாணவர்களும் இதைக் கவனிக்கலாம்!

பட்டியலில் இன்று அதிகம் பேசப்படும் பெயர் ஜி.எல்.பி-1. இதற்கு ஒரு முன்கதை உண்டு. குளுக்கோஸை ஊசியில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்று 1964-ல் நிரூபித்தார்கள். அப்படியென்றால் குடலிலிருந்து ஏதோ ஒரு செய்தி கணையத்துக்குப் போகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் முக்கியமான ஒருவர் ஜி.எல்.பி-1 என்று 1980-களில் தெரிந்தது. அது இன்சுலினைக் கூட்டும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையிடம் "போதும்" என்றும் சொல்லும். ஒரே பிரச்சினை, ரத்தத்தில் இரண்டு நிமிடத்திலேயே உடைய ஆரம்பித்துவிடும். 1992-ல் ஜான் எங் என்ற அமெரிக்க டாக்டர், ஹீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் இதைப் போன்ற, ஆனால் சீக்கிரம் உடையாத ஒன்றைக் கண்டார். 2005-ல் அது மருந்தாக வந்தது. வாரம் ஒரு ஊசியான செமாக்ளூடைட் 2017-ல் வந்தது.

மறுபடியும் சென்னை

இந்தியாவின் முதல் சர்க்கரை நோய் கிளினிக்கை 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கியது சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில்தான். அந்தப் பெருமையோடு ஒரு கவலையும் சேர்ந்தே வளர்ந்தது. 1989-ல் சென்னைப் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 26,001 பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்த "க்யூர்ஸ்" ஆய்வில் 2004 வாக்கில் அது 14.3 சதவீதம் ஆனது.

பதினைந்து ஆண்டுக்குள் ஒரு நகரத்துக்கே மனக்கட்டுப்பாடு குறைந்துவிட்டதா என்ன? மாறியது தட்டும் நடையும் தூக்கமும். சென்னை ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. ஆள் அதே ஆள், அரிசிதான் வேறு!

புதிய மருந்துகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. 2021-ல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைட் எடுத்தவர்களின் எடை 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மனம் மாறியிருந்தால் எடை ஏன் திரும்ப வேண்டும்? மாறியது குடலிலிருந்து போகும் செய்திதான்.

ஆனால் விலை? இரண்டு குடல் ஹார்மோன்களைப் போலச் செயல்படும் மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, வாரத்துக்கு ஒன்றான சிறிய அளவு ஊசியின் விலை 3,500 ரூபாய். மாதம் 14,000! செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக்கான காலம் 2026 மார்ச் வரைதான். பல கம்பெனிகள் போட்டி போட்டால் விலை இறங்கும் என்பது வணிகவியலின் அரிச்சுவடி. ஆனால் எந்த ஊசியும் வாந்தி, குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் இல்லாமல் வருவதில்லை. டாக்டர் சொல்லாமல் போட்டுக்கொள்ளும் சமாசாரம் இல்லை இது.

அதற்காக வாயைக் கட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. நன்றாகத் தூங்குவதும், நிதானமாகச் சாப்பிடுவதும், தட்டில் காய்கறியும் பருப்பும் கூடுவதும் குடலுக்குத் தன் செய்தியை அனுப்ப அவகாசம் தரும். ஆனால் வீட்டில் அப்பாவோ அத்தையோ நாலாவது இட்லிக்குக் கை நீட்டும்போது "உங்களுக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்தக் கையை நீட்ட வைப்பதில் வயிறு, குடல், ரத்தம், நரம்பு, மூளை என்று ஒரு பெரிய கூட்டத்துக்கே பங்கு இருக்கிறது. அவர்களுக்குத் திட்டைவிட, கூட உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடும் ஒரு துணைதான் அதிகம் உதவும்.