மின்கல இம்பாக்ட் ரெஞ்சு

மின்கல இம்பாக்ட் ரெஞ்சு என்பது மீள்மின்னேற்றத்தக்க மின்கலத்தால் இயங்கி, தொடர்ச்சியான சுழல் அடிகளின் மூலம் நட்டுகளையும் போல்ட்டுகளையும் கழற்றவும் முடுக்கவும் பயன்படும் கருவி ஆகும். காற்றழுத்தத்தால் இயங்கும் வகைக்குக் காற்றழுத்தியும் குழாயும் தேவை என்பதால் அது பெரும்பாலும் பட்டறைகளுக்கே ஏற்றது. மின்கல வகை, மகிழுந்தை வீட்டிலேயே பழுதுபார்ப்போருக்குப் பொருத்தமானது.

இயங்கும் முறை

மின்னோடியின் வேகம் பற்சக்கரத் தொகுதியால் குறைக்கப்பட்டு, சுத்தியல் எனப்படும் எஃகுப் பகுதியைச் சுழற்றுகிறது. சுத்தியலின் புடைப்புகள், சாக்கெட் பொருத்தப்படும் வெளித்தண்டின் காதுகளை உந்துகின்றன. நட்டு எளிதாகச் சுழலும்வரை இரண்டும் சேர்ந்தே சுழலும். தடை மிகும்போது சுத்தியல் தன் பின்னுள்ள சுருள்வில்லை அமுக்கிப் பின்வாங்குகிறது. காதுகளைத் தாண்டியதும் வில்லால் முன்தள்ளப்பட்டு மீண்டும் மோதுகிறது. பல கருவிகளில் இது நிமிடத்துக்கு 2000 தடவைக்கு மேல் நிகழ்கிறது. ஒவ்வோர் அடியும் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், பிடித்திருப்பவரின் மணிக்கட்டு பெரிதும் முறுக்கப்படுவதில்லை.

தேவையான முறுக்குவிசை

பெரும்பாலான பயணியர் மகிழுந்துகளின் சக்கர நட்டுகளை முடுக்கக் குறிக்கப்படும் அளவு ஏறத்தாழ 80 முதல் 140 நியூட்டன் மீட்டர் ஆகும். துருப்பிடித்த அல்லது மிகையாக முடுக்கப்பட்ட நட்டைக் கழற்ற இதைப்போல் இருமடங்குக்கு மேலும் தேவைப்படலாம். ஒப்பீட்டுக்கு, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கிடையாக உள்ள அரை மீட்டர் கம்பியின் முனையில் நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர்.

தயாரிப்பாளர்கள் முடுக்கும் அளவையும் கழற்றும் அளவையும் தனித்தனியே குறிப்பதுண்டு. இவற்றுள் கழற்றும் அளவு பெரியது. நீட்டிப்புத் தண்டு பொருத்தினாலோ மின்னேற்றம் குறைந்தாலோ நடைமுறையில் கிடைக்கும் விசை குறையும். எனவே சக்கர வேலைக்கு 400 முதல் 500 நியூட்டன் மீட்டர் வரை குறிக்கப்பட்ட கருவி போதுமானது.

தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* சதுர முனை: சக்கர நட்டுகளுக்கு 12.7 மி.மீ. (அரை அங்குலம்) ஏற்றது. 9.5 மி.மீ. முனையுள்ள சிறிய கருவி எஞ்சின் அறையின் குறுகிய இடங்களுக்கு உதவும்.
* மின்னழுத்தம்: 18 வோல்ட்டு மின்கலத்தில் 3.6 வோல்ட்டு இலித்தியம் அயனிக் கலங்கள் ஐந்து தொடராக உள்ளன. முழு மின்னேற்றத்தில் இவை 21 வோல்ட்டு தரும். எனவே "20 வோல்ட்டு" எனச் சில நாடுகளில் விற்கப்படுபவை கூடுதல் திறனுடையவை அல்ல.
* கொள்ளளவு: 18 வோல்ட்டு, 5 ஆம்பியர் மணி மின்கலம் 90 வாட் மணி ஆற்றலைக் கொண்டது. ஒரே நிறுவனத்தின் மின்கலக் கருவி ஏற்கெனவே இருந்தால், அதே மின்கலம் பொருந்துமா எனப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.
* மின்னோடி: தூரிகையற்ற மின்னோடியில் உராய்ந்து தேயும் தூரிகைகள் இல்லை, மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும்.
* சாக்கெட்: கைக்கருவிகளுக்கான பளபளப்பான குரோம் பூச்சுள்ள சாக்கெட்டுகள் தொடர் அடிகளால் பிளந்து தெறிக்கக்கூடும். இம்பாக்ட் வகைக்கென்றே செய்யப்பட்ட தடித்த கறுப்பு சாக்கெட்டுகளையே பயன்படுத்த வேண்டும். கண்காப்பும் அணிய வேண்டும்.

முடுக்குதலில் எச்சரிக்கை

இக்கருவி முறுக்குவிசையை அளப்பதில்லை. வேகத்தைக் குறைத்து வைத்தாலும் விளைவு துல்லியமாக இராது. மிகையாக முடுக்கினால் போல்ட்டு நீண்டு வலுவிழக்கலாம். பிரேக் தட்டு கோணலாகலாம். மேலும், வழியில் டயர் பஞ்சரானால், வண்டியுடன் வரும் குறுகிய கைக்கருவியால் அந்நட்டைக் கழற்ற இயலாமல் போகும். குறைவாக முடுக்கினால் ஓட்டத்தில் சக்கரமே கழன்றுவிடக்கூடும்.

எனவே நட்டுகளை முதலில் கையால் சில சுற்றுகள் திருகி, எதிரெதிர் வரிசையில் மெல்ல முடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பின், உரிமையாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுதியாக முடுக்க வேண்டும். இம்பாக்ட் ரெஞ்சு வாங்குவோர் டார்க் ரெஞ்சுக்கும் சேர்த்தே செலவைத் திட்டமிடுதல் நன்று.

இவற்றையும் பார்க்க

* முறுக்குவிசை
* இலித்தியம் அயனி மின்கலம்